பெரிய கோப்பு பறக்கிறது, சிறிய கோப்பு தவழ்கிறது: சிங்க் ரைட்டுக்கு ஏற்ற சாதனத்தைத் தேர்ந்தெடுத்த ஒரு நிகழ்வு ஆய்வு

வந்த புகார் இதுதான். 40 ஜிபி அளவுள்ள ஒரே கோப்பை ஃபைல் சர்வருக்கு நகலெடுத்தால் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிறது. சுமார் 50,000 சிறு கோப்புகள் அடங்கிய மூலநிரல் பொதியை அதே சர்வரில் பிரித்தால் அரை மணி நேரத்தை நெருங்குகிறது. பயன்படுத்துகிறவர்கள் நெட்வொர்க்கைக் குறை சொன்னார்கள். நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர்கள் டிஸ்க்கைக் கைகாட்டினார்கள். டிஸ்க் பயன்பாட்டு வரைபடத்தைத் திறந்தால் அதில் விநாடிக்குச் சில எம்பிதான் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் மூச்சுவாங்கவில்லை, ஆனால் வேலை நகரவில்லை.

சர்வரின் அமைப்பு சாதாரணமானது. நிமிஷத்துக்கு 7200 சுற்று சுழலும் 12 டிஸ்க்குகள், இரண்டிரண்டாக மிரர் செய்த (ஒரே தரவை இரண்டிலும் வைக்கும்) ஆறு ஜோடிகள், மேலே இசட்எஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பு, 64 ஜிபி நினைவகம், 10 கிகாபிட் நெட்வொர்க். லினக்ஸ் கணினிகள் என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் கோப்புப் பகிர்வு நெறிமுறை வழியாக இணைகின்றன. அதே சர்வரில் இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் கணினி) ஒன்று தன் விர்ச்சுவல் மெஷின்களின் டிஸ்க் கோப்புகளையும் வைத்திருக்கிறது. இந்தக் கடைசி விவரம் பின்னால் தேவைப்படும்.

காத்திருப்பு எங்கே நடக்கிறது

ஒரு புரோகிராம் "எழுது" என்று சொன்னால், இயங்குதளத்தின் மையமான கர்னல் வழக்கமாக அதை நினைவகத்தில் வாங்கிக்கொண்டு "ஆயிற்று" என்று சொல்லிவிடும். டிஸ்க்குக்குப் போவது அப்புறம். இது அசிங்க் ரைட். "நிலையான இடத்தில் எழுதிவிட்டு எனக்குப் பதில் சொல்" என்று கேட்டால் அது சிங்க் ரைட். டேட்டாபேஸ்கள் இப்படித்தான் கேட்கும். என்எஃப்எஸ்ஸும் அடிக்கடி இப்படித்தான் கேட்கும்.

என்எஃப்எஸ்ஸின் இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு எழுத்தும் நிலையான இடத்துக்குப் போன பிறகே சர்வர் பதில் தர வேண்டும் என்பது விதி. 1995-இல் ஆவணமாக வெளியான மூன்றாம் பதிப்பு இதைத் தளர்த்தியது. தரவை நிலையற்ற எழுத்தாக அனுப்பிவிட்டுக் கடைசியில் "கமிட்" என்று ஒரே கோரிக்கை கொடுத்தால் போதும். பெரிய கோப்பு பறப்பதற்கு இதுதான் காரணம்: 40 ஜிபிக்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய கமிட்டுகளே போகும். ஆனால் கோப்பை உருவாக்குவது, பெயர் மாற்றுவது, அழிப்பது, அனுமதியோ நேரமுத்திரையோ மாற்றுவது போன்றவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவை நிலையான இடத்தில் பதிவான பிறகே பதில் வரும்.

பொதியைப் பிரிக்கும்போது ஒரு சிறு கோப்புக்கு நடப்பதைப் பாருங்கள். முதலில் உருவாக்கம். பிறகு தரவை எழுதி மூடும்போது ஒரு கமிட். அதன்பின் நேரமுத்திரையைப் பழையபடி வைக்க இன்னொரு மாற்றம். ஆக, கோப்புக்கு மூன்று காத்திருப்பு. 50,000 கோப்புக்கு 1,50,000. பிரிக்கும் கருவி இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்கிறது, பத்தைச் சேர்த்து அனுப்புவதில்லை.

7200 சுற்று டிஸ்க் ஒரு முழுச் சுற்றுக்கு 8.33 மில்லி விநாடி எடுக்கும். எழுதுமுனை நகரும் நேரத்தையும் சேர்த்தால், ஒரு சிறு எழுத்தை உறுதியாகத் தட்டில் இறக்க 10 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்ளலாம். 1,50,000 × 10 மில்லி விநாடி = 1,500 விநாடி, அதாவது 25 நிமிஷம். புகாரில் சொன்ன நேரமும் ஏறக்குறைய அதுவே. இந்தக் கணக்குப் பொருந்திய உடனே நெட்வொர்க்கைத் தோண்டுவதை நிறுத்திவிடலாம். டிஸ்க்குகளைக் கூட்டினாலும் இதில் பயன் இல்லை. பன்னிரண்டை இருபத்துநான்கு ஆக்கினால் ஒரே நேரத்தில் வரும் வேலைகள் அதிகம் முடியும். வரிசையில் தனியாக நிற்கும் ஒரே வேலைக்குத் தட்டு சுழலும் நேரம் குறையாது.

இசட்எஃப்எஸ் சிங்க் ரைட்டைக் கையாளும் விதம் சிட்டையும் பேரேடும் போன்றது. வந்த எழுத்தை உடனே ஜில் எனப்படும் பதிவில் குறித்துவிட்டுப் பதில் சொல்லும். நினைவகத்தில் இருக்கும் அதே தரவை, சுமார் 5 விநாடிக்கு ஒருமுறை மொத்தமாக, டிஸ்க்கில் அதன் நிரந்தர இடத்தில் எழுதும். தனிச் சாதனம் கொடுக்காவிட்டால் இந்தப் பதிவும் அதே சுழலும் டிஸ்க்குகளில்தான் இருக்கும். தனிச் சாதனம் கொடுத்தால் அதற்கு ஸ்லாக் என்று பெயர். பலர் இதை எழுதும் கேஷ் என்று நினைக்கிறார்கள், அது இல்லை. அசிங்க் ரைட் எதுவும் ஸ்லாக்கைத் தொடாது. சர்வர் எதிர்பாராமல் விழுந்து, மீண்டும் எழும்போது மட்டும்தான் அதிலிருந்து படிக்கப்படும். மற்ற நாட்களில் அது எழுத மட்டுமே இருக்கும் சாதனம்.

உச்சவரம்பை முதலில் பார்த்தோம்

சாதனம் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு, செலவே இல்லாதது. சோதனைக்கென்று ஒரு தனி டேட்டாசெட் (இசட்எஃப்எஸ்ஸில் தனி அமைப்புகளோடு பிரித்துவைக்கும் பகுதி) உருவாக்கி, அதில் மட்டும் சிங்க் பண்பை அணைத்துவிட்டு, அதே பொதியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அப்போது சர்வர் எல்லாச் சிங்க் கோரிக்கைகளுக்கும் பொய்யாக "ஆயிற்று" என்று சொல்லும். உலகத்தின் மிக வேகமான ஸ்லாக் கிடைத்தாலும் இதைவிட வேகம் வராது. இங்கே அரை நிமிஷத்தை ஒட்டி முடிந்தது. ஆக, கூட்டிக் கழித்தால், 25 நிமிஷத்தில் பெரும்பகுதியை ஸ்லாக் மூலம் மீட்கலாம் என்பது உறுதியாயிற்று. இந்தச் சோதனையில் நேரம் மாறவில்லை என்றால் ஸ்லாக் வாங்குவது வீண். பிரச்சினை வேறெங்கோ இருக்கிறது.

"அப்படியே அணைத்து வைத்துவிடலாமே, யூபிஎஸ் இருக்கிறதே" என்ற பேச்சும் வந்தது. எந்த இடத்திலும் வரும். சர்வர் கர்னல் பேனிக் ஆகி நின்றுபோவதையோ பவர் சப்ளை கருகுவதையோ யூபிஎஸ் தடுக்காது. அப்படி நடந்தால் இசட்எஃப்எஸ் தன்னளவில் சீராகவே எழுந்துவிடும். கடைசிச் சில விநாடி எழுத்துகள்தான் போயிருக்கும். ஆனால் "எழுதிவிட்டேன்" என்று சர்வர் சொன்னதை நம்பித் தன் பிரதியைத் தூக்கியெறிந்த கணினி அங்கே நிற்கிறது. விர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கும் கோப்பு அமைப்புக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். அதன் பலன் அன்றே தெரியாமல் பல நாள் கழித்துத் தெரிவது இன்னும் மோசம். மறுபடி உருவாக்கிக்கொள்ளக்கூடிய தற்காலிகக் கோப்புகளுக்கு அணைத்து வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. விர்ச்சுவல் மெஷின் டிஸ்க்குக்கு ஒருபோதும் வேண்டாம்.

கையில் இருந்த என்விஎம்இ ஏன் ஏமாற்றியது

முதலில் சோதித்தது கையிருப்பில் இருந்த ஒரு சாதாரண, நுகர்வோர் வகை என்விஎம்இ எஸ்எஸ்டி. பெட்டியில் விநாடிக்குப் பல லட்சம் எழுத்துகள் என்று போட்டிருந்தது. ஸ்லாக்காக இணைத்துப் பொதியைப் பிரித்ததில் 25 நிமிஷம் ஐந்து நிமிஷத்தைச் சுற்றி வந்தது. முன்னேற்றம்தான்; ஆனால் பெட்டியில் உள்ள எண்ணுக்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

காரணம் அந்த எண் அளக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது. ஒரே நேரத்தில் பல பத்துக் கோரிக்கைகளை வரிசையில் நிறுத்தி, "உறுதியாக இறக்கு" என்ற கட்டளையே கொடுக்காமல், சாதனத்தின் உள் நினைவகத்தில் வாங்கிக்கொள்ளும் வேகம் அது. ஸ்லாக்கின் வாழ்க்கை வேறு: ஒரு சிறு எழுத்து, உடனே ஃப்ளஷ் கட்டளை, பதில் வரும்வரை காத்திருப்பு, அடுத்தது. ஃப்ளஷ் வந்தால் பாதுகாப்பற்ற கேஷில் இருப்பதையெல்லாம் அந்தச் சாதனம் ஃப்ளாஷ் செல்லுக்குள் உண்மையாகவே எழுதியாக வேண்டும். ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சி ஃப்ளாஷில் இது மைக்ரோ விநாடியில் முடிகிற காரியம் இல்லை. முகவரி அட்டவணையையும் சேர்த்து எழுத வேண்டியிருப்பதால் மில்லி விநாடிக் கணக்குக்குப் போய்விடுகிறது. ஒரு எழுத்துக்கு 2 மில்லி விநாடி என்று வைத்தால் 1,50,000-க்கு 300 விநாடி. அதாவது ஐந்து நிமிஷம்.

இதை நேரடியாகப் பார்க்க ஃபியோ என்ற டிஸ்க் வேகச் சோதனைக் கருவி போதும். 4 கேபி அளவு, வரிசை ஆழம் 1 (ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கை), ஒரே வேலை, ஒவ்வொரு எழுத்தும் சிங்க் என்று அமைத்து, பத்து விநாடி அல்ல, பல நிமிஷம் ஓட விட வேண்டும். சராசரியைப் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது, 99.9 சதமானத்தை, அதாவது ஆயிரத்தில் 999 எழுத்துகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிகின்றன என்பதை, பார்க்க வேண்டும். சாதனம் உள்ளே குப்பை அள்ளத் (பழைய தரவை அழித்து இடம் ஒழிக்கத்) தொடங்கும்போது சில எழுத்துகள் பல மடங்கு தாமதமாகும். அந்தச் சிலவற்றைத்தான் பயனர் "அப்பப்போ தொங்குகிறது" என்று சொல்வார். ஃப்ரீபிஎஸ்டியில் இருந்தால் டிஸ்க்இன்ஃபோ கருவியிலேயே சிங்க் எழுத்துக்கென்று ஒரு சோதனை இருக்கிறது. இரண்டுமே சாதனத்தில் இருப்பதை அழித்துவிடும், வெற்றுச் சாதனத்தில்தான் ஓட்ட வேண்டும்.

தரவுமைய எஸ்எஸ்டிகள் இதை வேறு மாதிரி தீர்க்கின்றன. சர்க்யூட் போர்டில் கெப்பாசிட்டர் வரிசை ஒன்று இருக்கும். மின்சாரம் போனாலும் கேஷில் உள்ளதை ஃப்ளாஷுக்கு இறக்கும் அளவுக்கு அதில் சக்தி சேமித்திருக்கும். அதனால் கேஷில் வாங்கிய கணமே "உறுதி" என்று நேர்மையாகச் சொல்ல முடிகிறது. பல எம்.2 தரவுமைய எஸ்எஸ்டிகள் வழக்கமான 80 மில்லிமீட்டருக்குப் பதில் 110 மில்லிமீட்டர் நீளம் இருப்பதற்கு இந்தக் கெப்பாசிட்டர்களும் ஒரு காரணம். வாங்குமுன் மதர்போர்டில் அந்த நீளத்துக்குத் திருகு இருக்கிறதா என்று பார்க்கவும். சில நுகர்வோர் வகைகளிலும் சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். அவை ஏற்கெனவே ஃப்ளாஷில் இருக்கும் தரவு கெடாமல் காக்க மட்டுமே. பறந்துகொண்டிருக்கும் தரவைக் காக்காது.

லினக்ஸில், கேஷ் பற்றிச் சாதனம் கர்னலிடம் என்ன சொல்கிறது என்பதையும் பார்க்கலாம். கர்னல் தன் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் அந்தச் சாதனத்தின் க்யூ அடைவுக்குள் ரைட் கேஷ் என்றொரு கோப்பு இருக்கும். "ரைட் த்ரூ" என்று வந்தால் பாதுகாப்பற்ற கேஷ் இல்லை என்று சாதனம் அறிவித்திருக்கிறது. கர்னல் ஃப்ளஷ் அனுப்பும் வேலையே இல்லை. "ரைட் பேக்" என்றால் அனுப்பும். கெப்பாசிட்டர் உள்ளவற்றிலும் சில "ரைட் பேக்" என்றே சொல்லும், ஆனால் ஃப்ளஷ்ஷுக்கு உடனே பதில் தரும். இந்தக் கோப்பை நம் கையால் மாற்றி எழுதலாம். அப்படி மாற்றி நுகர்வோர் எஸ்எஸ்டியை "வேகமாக்குவது" சிங்க்கை அணைப்பதற்குச் சமம், இன்னும் திருட்டுத்தனமாக.

வேட்பாளர்கள்

கையிருப்பு என்விஎம்இ விலகியபின் மூன்று மிஞ்சின.

முதலாவது இன்டெல் டிசி எஸ்3700, 200 ஜிபி. 2012-இல் வந்த சாட்டா சாதனம், கெப்பாசிட்டர் உண்டு. எழுத்துத் தாமதம் 65 மைக்ரோ விநாடி என்கிறது அதன் விவரத்தாள். தாங்கும் அளவோ அசத்தல்: ஐந்து ஆண்டுக்குத் தினமும் 10 முறை முழுக் கொள்ளளவையும் எழுதலாம், அதாவது நாளைக்கு 2 டிபி. பழசு என்று ஒதுக்க மனம் வராது. சிறு கோப்புச் சோதனையில் கையிருப்பு என்விஎம்இயை எளிதாகப் பின்தள்ளியது.

இரண்டாவது, மேசைக் கணினிகளில் ஹார்ட் டிஸ்க்குக்குத் துணையாக விற்ற 16 ஜிபி ஆப்டேன் மெமரி. ஆப்டேன் சாதனங்கள் ஃப்ளாஷ் அல்ல. 3டி எக்ஸ்பாயின்ட் என்ற வேறு நினைவகம். அழித்துவிட்டு எழுத வேண்டிய கட்டாயம் அதில் இல்லை, எழுத்துக்கு டிரேம் கேஷை நம்பியிருப்பதும் இல்லை. தனி எழுத்துத் தாமதத்தில் ஆப்டேனை மிஞ்சுவது கஷ்டம்.

மூன்றாவது 118 ஜிபி ஆப்டேன் பி1600எக்ஸ். அதே நினைவகம், தொடர் எழுத்து விநாடிக்கு 1,050 எம்பி வரை, மின் இழப்புப் பாதுகாப்பும் உண்டு.

சிறு கோப்புகள் மட்டும்தான் வேலை என்றால் இந்த மூன்றில் எதை எடுத்தாலும் பயனருக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரிந்திருக்காது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு கோரிக்கையும் நெட்வொர்க்கில் போய்வர, சர்வரின் மென்பொருள் அடுக்குகளைக் கடக்க என்று எப்படியும் நூறு மைக்ரோ விநாடியை ஒட்டி ஆகிவிடுகிறது. 10 மில்லி விநாடியை 65 மைக்ரோ விநாடி ஆக்குவது மலையைப் பெயர்ப்பது. 65-ஐப் பத்தாக்குவது, மேலே அந்த நூறு அப்படியே இருக்கும்போது, அளவுகோல் வைத்தால் மட்டும் தெரியும் லாபம்.

ஆட்டத்தை மாற்றியது இஎஸ்எக்ஸ்ஐ. என்எஃப்எஸ் வழியாக வரும் இஎஸ்எக்ஸ்ஐ எழுத்துகள் எல்லாமே சிங்க். கமிட் வரை தள்ளிப்போடும் சலுகையை அது பயன்படுத்துவதே இல்லை. ஒரு விர்ச்சுவல் மெஷினைப் புதிதாக நகலெடுத்தால் பல பத்து ஜிபி தரவு முழுவதும் ஸ்லாக் வழியாகத்தான் போகும். ஸ்லாக் இல்லாதபோது பெரிய துண்டுகளை (இயல்பு வரம்பு 32 கேபி) இசட்எஃப்எஸ் நேராக நிரந்தர இடத்திலேயே எழுதிவிட்டு, பதிவில் அதற்கான சுட்டியை மட்டும் குறிக்கும். ஸ்லாக் வந்துவிட்டால் தரவும் சேர்ந்து அதற்குள் போகும். ஆக, தாமதம் குறைவு என்று பார்த்து வாங்கிய ஸ்லாக்கின் எழுத்து வேகம் குறைவாக இருந்தால், பெரிய எழுத்துகள் முன்பைவிட மெதுவாகலாம்.

16 ஜிபி ஆப்டேன் மெமரியின் தொடர் எழுத்து விநாடிக்கு 145 எம்பிதான். 10 கிகாபிட் நெட்வொர்க்கில் விநாடிக்கு ஆயிரம் எம்பிக்கு மேல் வரும் சர்வருக்கு முன்னால் அதைக் கொண்டுபோய் வைத்தால் கழுத்தை நெரிப்பதுபோல ஆகும். சோதனையில் விர்ச்சுவல் மெஷின் நகலெடுப்பு அப்படித்தான் சுருண்டது. எஸ்3700 200 ஜிபி வகையின் எழுத்து 365 எம்பி; பரவாயில்லை, ஆனால் போதாது. ஒன்றுக்கு இரண்டு ஸ்லாக்காகப் பக்கத்தில் வைத்தால் எழுத்துகள் பிரிந்து போகும், மொத்த வேகம் கூடும். தனி எழுத்தின் தாமதம் மட்டும் குறையாது.

தாங்கும் அளவையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். சிங்க் ரைட் ஒவ்வொன்றும் ஸ்லாக்கில் விழுவதால், நாள் முழுவதும் சராசரியாக விநாடிக்கு 5 எம்பி என்ற மெல்லிய ஓட்டமே நாளைக்கு 432 ஜிபி ஆகிறது. 182.5 டிபி வரை தாங்கும் என்று அறிவிக்கப்பட்ட அந்த 16 ஜிபி துண்டு ஒரு வருஷத்துக்குச் சற்று மேல்தான் வரும். பி1600எக்ஸ் தினம் 6 முறை முழு எழுத்து தாங்கும். 118 ஜிபிக்கு அது சுமார் 708 ஜிபி. எஸ்3700-க்கு அந்த 432 ஜிபி தூசு. விநாடிக்கு 20 எம்பி சராசரியாக இருந்தால் நாளைக்கு 1.7 டிபி, அப்போது பி1600எக்ஸ்கூட யோசிக்க வேண்டிய தேர்வு, கெப்பாசிட்டர் உள்ள பெரிய தரவுமைய என்விஎம்இதான் பொருத்தம்.

தேர்வும் அளவும்

பி1600எக்ஸ் இரண்டு எடுத்து மிரராக இணைத்தோம். 2022 ஜூலையில் ஆப்டேன் தொழிலை மூடுவதாக இன்டெல் அறிவித்துவிட்டது, ஆகவே மிஞ்சிய இருப்புதான் கிடைக்கும். இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு நான் கெப்பாசிட்டர் உள்ள தரவுமைய என்விஎம்இயையே சொல்வேன். மேலே சொன்ன நூறு மைக்ரோ விநாடிக் காரணத்தால் இழப்பு பெரிதில்லை.

கொள்ளளவு விஷயத்தில் பலர் தாராளமாகப் போகிறார்கள். தேவை மிகக் கொஞ்சம். 10 கிகாபிட் முழுவதும் சிங்க் ரைட்டாகவே வந்தாலும் விநாடிக்கு 1.25 ஜிபி, 5 விநாடிக்கு 6.25 ஜிபி. ஒரே நேரத்தில் அதிகபட்சம் மூன்று பரிவர்த்தனைக் குழுக்கள் (5 விநாடிக்கு ஒருமுறை மொத்தமாக எழுதப்படும் தொகுதிகள்) உயிரோடு இருக்கலாம், ஆகவே 19 ஜிபி. இதுவும் காகிதக் கணக்குதான். இன்னும் டிஸ்க்குக்குப் போகாத தரவுக்கு இசட்எஃப்எஸ் வைக்கும் வரம்பு, பொதுவாக நினைவகத்தில் 10 சதவீதம், அதற்கு முன்பே கடிவாளம் போட்டுவிடும். 20 ஜிபி பகுதி மட்டும் பிரித்து, மிச்சத்தைத் தொடாமல் விட்டோம். மிச்சத்தைப் படிப்புக் கேஷுக்குக் கொடுக்கலாமே என்ற ஆசை எழும். கொடுத்தால் படிப்பும் எழுத்தும் ஒரே சாதனத்தில் மோதி, எதற்காக வாங்கினோமோ அந்தத் தாமதமே ஆட்டம் காணும்.

மிரர் தேவையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்லாக் செத்தால் இசட்எஃப்எஸ் பதிவை மறுபடி டிஸ்க்குகளுக்கே மாற்றிக்கொள்ளும்; தரவு நினைவகத்திலும் இருப்பதால் எதுவும் போகாது. ஸ்லாக் சாவதும் சர்வர் விழுவதும் ஒரே கணத்தில் நடந்தால்தான் இழப்பு. பழைய காலத்தில், பூலின் (இசட்எஃப்எஸ் டிஸ்க்குகளைச் சேர்த்துவைக்கும் தொகுப்பின்) 19-ஆம் பதிப்புக்கு முன், பதிவுச் சாதனம் போனால் பூலையே திறக்க முடியாத அபாயம் இருந்தது. இப்போது பதிவுச் சாதனம் இல்லாமலும் இறக்குமதி செய்யத் தனி விருப்பம் உண்டு. எனக்கு மிரர் வேண்டும் என்று தோன்றிய காரணம் வேறு: ஒற்றை ஸ்லாக் செத்த மறுகணம் எல்லா விர்ச்சுவல் மெஷின்களும் 10 மில்லி விநாடி உலகத்துக்குத் திரும்பிவிடும். வேலை நேரத்தில் அது கிட்டத்தட்ட சர்வர் நின்றுபோனதற்குச் சமம்.

பொருத்திய பிறகு

பொதி பிரிப்பு ஒரு நிமிஷத்துக்குள் வந்தது. விர்ச்சுவல் மெஷின் நகலெடுப்பு டிஸ்க்குகளின் வேகத்துக்கு ஏறியது. விண்டோஸ் பங்கீட்டில் இருந்தவர்களுக்கு ஒன்றுமே மாறவில்லை. அவர்களுடைய நகலெடுப்பு பெரும்பாலும் அசிங்க், அதைச் சொல்லித்தான் தொடங்கினோம் என்றாலும் இரண்டொருவர் ஏமாற்றம் அடைந்தார்கள்.

இரவில் ஓடும் ஒரு பேக்கப் வேலை மட்டும் பெரிய சிங்க் ரைட்டுகளாகக் கொட்டி, ஸ்லாக்கை வீணாகத் தேய்த்தது. அந்த டேட்டாசெட்டில், சிங்க் ரைட் எந்த வழியில் போக வேண்டும் என்று சொல்லும் லாக்பயஸ் பண்பைத் "த்ரூபுட்" என்று மாற்றியதும் அது ஸ்லாக்கை விட்டு விலகி நேராக டிஸ்க்குக்குப் போனது. இசட்பூல் ஐஓஸ்டாட் கட்டளையில் சாதனவாரியாகப் பார்த்தால் பதிவுச் சாதனத்தின் வரி இரவில் அடங்கியிருப்பது தெரியும்.

பயனர் இல்லாத நேரத்தில் மிரரில் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தோம். எழுத்துகள் தடையின்றி ஓடின. இரண்டையும் எடுத்ததும் வேகம் பழையபடி தவழ்ந்தது, பிழை ஏதும் இல்லை. திரும்ப இணைத்ததும் சரியானது. இந்தச் சோதனையை உண்மையான கோளாறு வருவதற்கு முன்பே செய்து வைப்பது நல்லது, அப்போதுதான் எச்சரிக்கை அஞ்சல் வருகிறதா என்பதும் தெரியும்.

ஒரு விஷயம் மட்டும் கண்காணிப்பில் இருக்கிறது. மிரரில் உள்ள இரண்டுக்கும் ஒரே எழுத்துகள் போவதால் தேய்மானமும் கூடவே ஒரே அளவில் ஏறுகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் ஓய்வு கேட்கக் கூடாது என்பதால், தேய்மான எண் பாதியைத் தொட்டதும் ஒன்றை மட்டும் எடுத்துக் கையிருப்பில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் புதியதைப் போடுவதாக ஏற்பாடு.